கொடி வெளுக்கும் வரை

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் இருந்தது, மெமோக்களில் இருந்தது. மற்றபடி அந்த மருத்துவமனையில் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரைக்கும் அவள் ‘பொறுங்க சிஸ்டர்’தான். முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் கொஞ்சம், முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் மிச்சம். பிரசவ அறையில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை அது. வலியில் துடிக்கிற பெண்களிடம் அதைச் சொல்ல மாட்டாள். அவர்களிடம், “நல்லா கத்தும்மா, இங்க யாரும் தூங்கல” என்பாள். ‘பொறுங்க’ என்பது டாக்டர்களுக்கு மட்டும் அவள் கொடுத்த மருந்து. ஒருத்தரும் அதை விரும்பிக் குடித்ததில்லை.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. குழந்தை வெளியே வந்து நன்றாக அழுகிறது. தொப்புள்கொடி இன்னும் துடிக்கிறது. உள்ளே நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கிற ரத்தம் அது வழியாகக் குழந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது பிள்ளையின் பங்கு, வேறு யாருக்கும் அதில் உரிமை கிடையாது. இரண்டு மூன்று நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், நீலம் பாய்ந்து பருத்திருக்கும் கொடி மெல்ல இளைத்து, வெளுத்து, துடிப்பு நின்று, ஈரக் கயிறு போலத் தொங்கும். அப்புறம் வெட்டலாம். டாக்டர்கள் படித்த புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் புத்தகம் படித்தவர்களுக்கு நிற்க நேரம் ஏது? கை பரபரக்கும். கத்தரிக்கோல் இருக்கிற தட்டை அவள் தன் பக்கமே வைத்துக்கொண்டு, “பொறுங்க டாக்டர், கொடி வெளுக்கட்டும்” என்பாள். பிள்ளை மூச்சுவிடவில்லை என்றால் மட்டும் கதை வேறு. அப்போது அவளைவிட அவசரக்காரி அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

அவளுடைய இரண்டாவது பைத்தியம் நஞ்சுக்கொடி. பிள்ளை பிறந்ததும் எல்லோரும் பிள்ளையைப் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா, யார் மூக்கு, யார் நெற்றி. ஒன்பது மாதம் அந்தப் பிள்ளைக்குச் சோறும் காற்றும் கொடுத்த சமாச்சாரம் தட்டில் கிடக்கும். அதைப் பார்க்க அவள் ஒருத்திதான். தண்ணீரில் அலசி, தட்டில் விரித்து வைப்பாள். தாயின் பக்கம் இருந்த முகம் வயல் மாதிரி பாத்தி பாத்தியாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பாத்தியையும் பக்கத்துப் பாத்தியோடு பொருத்திப் பார்ப்பாள். எங்கேயாவது பொருந்தாமல் பள்ளம் விழுந்தால், ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டது என்று அர்த்தம். தங்கினால் கருப்பை சுருங்காது. சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். “சிஸ்டர் விவசாயம் பார்க்குது” என்று மற்ற நர்சுகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சிரிப்பதற்குத்தானே அந்த ஐந்து நிமிஷமும் அவர்களுக்கு ஓய்வாகக் கிடைத்தது.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால், வேறொரு மருத்துவமனையில், அவளே பிரசவ மேசையில் படுத்திருந்தாள். பெண் குழந்தை. அப்போது அவள் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ், பிரசவத்தைப் பற்றி அதிகம் தெரியாது. பக்கத்தில் இருந்த நர்ஸ் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கம்பளி, அழகான பின்னல், சும்மா சொல்லக்கூடாது. நஞ்சுக்கொடி விழுந்ததும் எட்டிப் பார்த்து, “எல்லாம் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டு விட்ட கண்ணியிலிருந்து பின்னலைத் தொடர்ந்தாள். எல்லாம் வரவில்லை. கட்டைவிரல் அளவு ஒரு துண்டு உள்ளேயே குடியிருந்தது. ஆறாம் நாள் வீட்டில் ரத்தம் கொட்டியது. உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்தார்கள்.

“ஒத்தப் பொண்ணோட கடையச் சாத்திட்டாளே” என்றாள் மாமியார், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஆறுதல் சொல்கிற குரலில். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது. எதைக் காட்டவும் உடம்பில் ரத்தம் இல்லை. வேலைக்குத் திரும்பியதும் பிரசவ அறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தாள். அந்த அறைக்கு யாரும் கேட்டு வருவதில்லை என்பதால் அன்றே கிடைத்தது.

அவள் கணவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதுகிற உத்தியோகம். உலகத்தையே நிற்க வைக்கிற பெண்டாட்டிக்கும், ஒரு நிமிஷத் தாமதத்துக்குச் சிவப்பு மையில் கோடு போடுகிற புருஷனுக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்காதவர்கள் இல்லை. ஒத்துப்போனது என்னவோ உண்மை. அவளுக்கு வந்த மெமோக்களைத் தேதிவாரியாக அடுக்கி, துளை போட்டு, நாடா கட்டி வைத்திருந்தவர் அவர்தான். அன்றைய நிலவரப்படி ஏழு.

அந்த ஏழில் ஆறு, டாக்டர் எக்ஸ்பிரஸ் கொடுத்த புகாரால் வந்தவை. அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் வேறு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போலவே வாழ்கிறவர். சாயங்காலம் சொந்த கிளினிக், நடுவில் பிள்ளையை ட்யூஷனில் விட வேண்டும், இடையில் எப்போதாவது பிரசவம். கெட்டிக்காரர், கை சுத்தமான கை, படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். எதையும் முடிகிற வரைக்கும் பார்க்கிற பழக்கம் மட்டும் இல்லை. ‘செவிலியர் கத்தரிக்கோலைத் தர மறுத்து மருத்துவரின் நேரத்தை வீணடித்தார்’ என்று ஆறு முறையும் ஒரே வாசகம் எழுதியிருந்தார். புது வாசகம் யோசிக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

மெமோ கொடுக்கிறவர் கண்காணிப்பாளர். அவருக்குப் பெயர் ‘சர்க்குலர்’. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று ஒட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வருஷம் ஆய்வுக்குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் மனிதர் ஆளே மாறிப்போனார். படிக்கட்டுக் கைப்பிடிக்கு ஒரு சர்க்குலர், பூந்தொட்டிக்கு ஒரு சர்க்குலர். பிரசவ அறைக்கு இரண்டு வந்தன. ஒன்று, நஞ்சுக்கொடி உள்ளிட்ட கழிவுகளை ஐந்து நிமிஷத்துக்குள் மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், கட்டிய பையை யாரும் திறக்கக்கூடாது. இரண்டு, பைகளை வீணடிக்காமல் ஒரு பையில் இரண்டு போட வேண்டும்.

“எட்டாவது மெமோ வந்தா, துணி அறைதான் சிஸ்டர்” என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். துணி அறை அடித்தளத்தில் இருந்தது. படுக்கை விரிப்புகளை எண்ணுகிற இடம். ஜன்னல் கிடையாது.

ஆய்வுக்குழு வருகிற நாள் காலையில் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். “இன்னைக்கு ஒரு நாள் வாய வச்சுக்கிட்டு சும்மா இரும்மா.”

“நான் எப்பங்க வாயத் திறந்தேன்?”

“ஏழு தடவ. தேதி சொல்லட்டுமா?”

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பதினொரு மணிக்குப் பிரசவ அறையில் இரண்டு மேசையும் நிறைந்திருந்தன. ஒன்றில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், அவளுக்கு இரண்டாவது பிரசவம். வலியிலும் வாய்பாடு ஒப்பிப்பது மாதிரி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். மற்றதில் ஒரு தையல்காரி, முதல் பிரசவம். எண்ணவும் இல்லை, கத்தவும் இல்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, உங்க கோட்டு தோள்ல ரெண்டு விரல் லூசு. யாருக்கா தச்சது?”

“ஆஸ்பத்திரியில குடுத்தது. முக்கும்மா.”

“முக்குறேன் முக்குறேன். ரெண்டு தோளும் தொங்குது பாருங்க. இவ்வளவு நல்ல உடம்ப வச்சுக்கிட்டு… அம்மா… பிள்ளை பொறக்கட்டும், நான் பிடிச்சுத் தரேன்.”

“முதல்ல உன் பிள்ளையப் பிடிப்போம்.”

இருபத்துமூன்று வருஷத்தில் அவளுடைய கோட்டைப் பற்றி ஒருத்தர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டாள். அந்த அறையில் அவள் சிரிப்பது அபூர்வம் என்பதால் வார்டு ஆயா திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு பிரசவமும் ஒரு நிமிஷ இடைவெளியில் நடந்தன. தையல்காரியை டாக்டர் எக்ஸ்பிரஸ் பார்த்தார். டீச்சரை அவள் பார்த்தாள். தையல்காரியின் பெண் குழந்தை வெளியே வந்து வாய் திறப்பதற்குள் கொடிக்கு இரண்டு கிளிப், நடுவில் கத்தரி. “பொறுங்க” என்று சொல்ல அவள் அந்த மேசையில் இல்லை. டீச்சரின் பையனை ஏந்திக்கொண்டு, கொடி வெளுக்கட்டும் என்று இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் கொடியைப் பிடித்து இழுத்து நஞ்சுக்கொடியையும் எடுத்துவிட்டார். படிவத்தில் ‘முழுமை’ என்ற கட்டத்தில் ஒரு டிக். கையுறையைக் கழற்றிக்கொண்டே ஆய்வுக்குழுவின் டீ விருந்துக்கு ஓடினார். புது நர்ஸ் தையல்காரியைத் தள்ளுவண்டியில் மாடி வார்டுக்குக் கொண்டுபோனாள்.

டீச்சரின் நஞ்சுக்கொடியையும் தட்டில் வாங்கி வைத்துவிட்டு, குழந்தையைத் தாயின் மார்பில் சேர்த்து, இரண்டு தையல் போட்டு நிமிர்ந்தாள். இரண்டையும் அலசிப் பார்க்க வேண்டும். டாக்டர் டிக் போட்டதையும் அவள் திருட்டுத்தனமாக ஒரு தடவை பார்ப்பாள், அது வழக்கம். திரும்பினால் இரண்டு தட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

“உள்ள இருந்தது எங்க?”

“பையில போட்டுக் கட்டியாச்சு சிஸ்டர்” என்றாள் ஆயா. “அஞ்சு நிமிஷம்னு சர்க்குலர் போட்டிருக்காங்கல்ல. இன்னைக்கு ஆய்வு வேற.”

“ரெண்டும் ஒரே பையிலயா?”

“பைய வீணாக்கக் கூடாதுன்னாரே.”

“எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?”

“அதென்ன சிஸ்டர் பிள்ளையா, அடையாளம் கட்டி வைக்க?” என்றாள் ஆயா. அவள் மேல் தப்பில்லை. அந்தக் கட்டடத்தில் சுற்றறிக்கையை ஒரு எழுத்து விடாமல் படித்து நடந்தவள் அவள் ஒருத்திதான்.

இதோடு விட்டிருக்கலாம். இரண்டு தாயும் நன்றாக இருந்தார்கள். படிவத்தில் டிக் இருந்தது. எட்டாவது மெமோ மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்தது. கணவர் வேறு காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் ஒரு தட்டையும் புதுக் கையுறையையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள்.

பின்கட்டில் கம்பிக் கதவு போட்ட ஒரு கொட்டகை. கழிவு வண்டி ஒரு மணிக்கு வரும். மஞ்சள் பைகள் வரிசையாக, வாய் கட்டி, ஆய்வுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தன. பிரசவ அறைப் பையைக் கண்டுபிடித்து முடிச்சை வெட்டினாள். இரண்டையும் தட்டில் எடுத்து, குழாயில் அலசி விரித்தாள்.

முதலாவது முழுசு. எல்லாப் பாத்தியும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. இரண்டாவதில் ஓரத்தில் ஒரு பாத்தி இல்லை. பிய்ந்த இடம் சொரசொரப்பாக, பச்சையாக இருந்தது. பையைக் கவிழ்த்து உதறினாள். துண்டு அதில் இல்லை.

அப்படியானால் யாருக்குள் இருக்கிறது? டீச்சருக்கா, தையல்காரிக்கா? இரண்டு பேருக்குள்ளும் கைவிட்டுத் தேடுவதற்கு அது அலமாரி இல்லை. தப்பானவளை மயக்கம் கொடுத்துத் துழாவினால் அவளுக்கு வலி, காய்ச்சல், இன்னும் என்னென்னவோ. சரியானவளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொட்டகையில் நின்று இரண்டையும் பார்த்தாள். ‘ரெண்டும் ஒன்னுபோலதான்’ என்று ஊரே சொல்லும். ஆனால் ஒன்றின் கொடி மெலிந்து வெளுத்திருந்தது. நஞ்சுக்கொடியும் சப்பையாக, காலிப் பையாகக் கிடந்தது. மற்றதன் கொடி கிளிப்போடு நீலம் பாரித்துப் பருத்து நின்றது. உடம்பும் கனத்து, ரத்தம் கட்டி, கருஞ்சிவப்பாக இருந்தது. பிள்ளைக்குப் போயிருக்க வேண்டியதெல்லாம் அதிலேயே தேங்கியிருந்தது. காத்திருந்து வெட்டியது எது, ஓடிக்கொண்டே வெட்டியது எது என்று குருடருக்குக்கூடத் தெரியும், கொஞ்சம் நின்று தடவிப் பார்த்தால்.

குறைபட்டது கனமானது. தன்னுடைய கேஸ் இல்லை என்று ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்துக்காகக் கூசிப்போனாள். தையல்காரி.

தட்டைத் துணியால் மூடிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பொறுங்க சிஸ்டர் ஓடியதைப் பார்த்து லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார். வார்டில் தையல்காரி தலையணையில் சாய்ந்து, குழந்தையின் போர்வை விளிம்பில் பிரிந்திருந்த நூலை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா அக்கா? கோட்டக் கழட்டுங்க, அளவு எடுத்துடறேன்.”

“இரு” என்று அவள் வயிற்றில் கை வைத்தாள். தொப்புளுக்குக் கீழே கருப்பை கல்லு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தது. வெளியே ரத்தம் அதிகம் இல்லை. உள்ளே சேர்ந்துகொண்டிருந்தது. அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் இறுகியது, கையை எடுத்ததும் மறுபடி இளகியது.

“டாக்டருக்குப் போன் போடு” என்றாள் புது நர்சிடம்.

அவள் பேசிவிட்டு வந்தாள். “போட்டேன் சிஸ்டர். மீட்டிங்ல இருக்காராம். முழுசா வந்தாச்சு, டிக் போட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதீங்கன்னு வச்சுட்டாரு.”

“இங்க வந்து கைய வை. விடாம தேய். நிறுத்தினா கொன்னுடுவேன்.” புது நர்ஸ் நிறுத்தவில்லை.

ஆய்வுக்குழுவின் டீ விருந்து முதல் மாடிக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை, பீங்கான் கோப்பைகள், மூன்று வகை பிஸ்கட். குழுவில் ஐந்து பேர். அந்த வேளையில் சர்க்குலர் கழிவு மேலாண்மையில் தன் மருத்துவமனை எப்படி முன்மாதிரி என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவள் நேராக உள்ளே போனாள். தட்டை வைக்க இடம் பார்த்தாள். பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில்தான் கொஞ்சம் இடம் இருந்தது. வைத்தாள், துணியை எடுத்தாள்.

கூடத்தில் ஒரு கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. குழுவில் ஒருவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஊர் ஊராக மருத்துவமனைகளை ஆய்வு செய்கிறவர், பாவம், மருத்துவமனைக்குள் இருப்பதை இப்படிப் பக்கத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது.

“சிஸ்டர், என்ன இது?” என்றார் சர்க்குலர்.

“உங்ககிட்ட இல்ல சார்” என்றாள் அவள். “டாக்டர், இது உங்க கேசோடது. ஓரத்துல ஒரு பாத்தி இல்ல. வயிறு இளகுது. வாங்க.”

“நான் செக் பண்ணிட்டேன் சிஸ்டர். அது அந்த டீச்சரோடதா இருக்கும்.”

“கொடியப் பாருங்க.”

“சிஸ்டர், பெரியவங்கல்லாம் இருக்காங்க, அப்புறமா…”

“பொறுங்க டாக்டர். ஒரு நிமிஷம் நின்னு கொடிய மட்டும் பாருங்க.”

எக்ஸ்பிரஸ் பார்த்தார். நீலமாகப் பருத்து நின்ற கொடியைப் பார்த்தார், பக்கத்தில் வெளுத்துக் கிடந்த கொடியைப் பார்த்தார், ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்தார். முன்னமே சொன்னேனே, கெட்டிக்காரர். முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த பிஸ்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆய்வாளர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் ஓட்டம் சரியான திசையில் இருந்தது.

தியேட்டர் மேசையில் ஏற்றும்போது ரத்தம் உடைத்துக்கொண்டு வந்தது. விரிப்பு நனைந்து தரையில் சொட்டியது. தையல்காரியின் உதடு வெளுத்து, பேச்சு குழறியது. “அக்கா… அளவு…” என்றாள். மயக்க மருந்து ஏறியது. எக்ஸ்பிரஸ் கையை உள்ளே விட்டு, நிதானமாக, அவசரப்படாமல் விரலால் துழாவி, இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தார். அவள் அதை வாங்கி, தட்டில் இருந்த பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அவள் கைக்குக் கீழே வயிறு இறுகத் தொடங்கியது. கல்லு மாதிரி இறுகியது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். கருப்பை தப்பியது, உயிரும் தப்பியது. அவள் கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள்.

ஆய்வுக்குழுவின் அறிக்கை பதினைந்து நாளில் வந்தது. தூய்மை நன்று, பூந்தொட்டிகள் மிக நன்று. உரிய நேரத்தில் விரைந்து செயல்பட்டு ஒரு தாயைக் காப்பாற்றிய மருத்துவருக்குப் பாராட்டு. ஒரே ஒரு குறை, உயிரியல் கழிவு தேநீர்க் கூடத்துக்குள் கொண்டுவரப்பட்டது. எட்டாவது மெமோ அன்று மாலையே தயார். கட்டிய பையைத் திறந்தது ஏன், அதை உணவு மேசையில் வைத்தது ஏன், விளக்கம் தேவை. அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: ‘வேறு மேசை காலியாக இல்லை.’

அடுத்த திங்கட்கிழமை துணி அறைக்குப் போனாள்.

எக்ஸ்பிரஸ் ஒரு தடவை அங்கே வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். “சிஸ்டர், உங்கள மறுபடி மேல மாத்தச் சொல்லி நான் எழுதிக் கேட்கலாம்னு பார்த்தேன்… நேரமே…” என்று மென்று விழுங்கினார். “பரவால்ல டாக்டர், போங்க, லேட்டாகுது” என்றாள். அவரும் போய்விட்டார். கணவர் எட்டாவதைக் கோப்பில் சேர்த்தார். “துணி அறையில நேரம் எப்படிப் போகுது?” என்று கேட்டார். “போகல” என்றாள். மூன்று வருஷம் விரிப்புகளை எண்ணினாள். பொறுங்க என்று சொல்ல அங்கே ஒரு ஆளில்லை. விரிப்புகள் தாமாகவே பொறுமையானவை.

மூன்றாவது வருஷம், ஒரு மத்தியானம், அடித்தளப் படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்க இறங்கி வந்தார்கள். நிறைமாத வயிறு. முதலில் வயிறுதான் உள்ளே வந்தது, பிறகு ஆள்.

“பிரசவ அறையில தேடுனா நீங்க இங்க இருக்கீங்கன்றாங்க” என்றாள் தையல்காரி. “இன்னும் இதே கோட்டுத்தானா? கழட்டுங்க.”

அவள் அந்த வயிற்றையே பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், பொறாமையாகவும் இருந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பார்த்திருந்தால், தனக்கும் இப்படி இன்னொரு தடவை வயிறு முந்திக்கொண்டு நடந்திருக்கும். கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். தையல்காரி விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து ஊசி நூல் எடுத்துத் தோளைப் பிடிக்க ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்திப் பல்லைக் கடித்தாள்.

“உனக்கு வலி எடுத்துடுச்சு. மேல போ.”

“நீங்க வருவீங்கல்ல?”

“நான் துணி எண்ணுறவ.”

“அப்ப நான் இங்கயே பெத்துக்கிறேன். துணிக்கா பஞ்சம்?” சொன்னது விளையாட்டு இல்லை. மூட்டையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

வேறு வழி? கோட்டை மாட்டிக்கொண்டு, துணி அறையைப் பூட்டிவிட்டு, அவளைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

பிரசவ அறையில் எக்ஸ்பிரஸ் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவளைப் பார்த்தார். ‘உங்களுக்கு இங்கே என்ன வேலை’ என்று கேட்க வேண்டியவர், கேட்கவில்லை. இரண்டு மணிக்குப் பையன் பிறந்தான், அறையே அதிரும்படி அழுதான். எக்ஸ்பிரஸின் கை பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. எடுத்த கத்தரிக்கோலை அவரே தட்டில் திருப்பி வைத்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பல் டாக்டரிடம் உட்கார்ந்தவர் மாதிரி நின்றார். ஆனால் நின்றார்.

“வெளுத்தாச்சா சிஸ்டர்?” என்று கடைசியில் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம்.”

கொடி வெளுத்தது. வெட்டினார்கள். கால் மணி நேரத்தில் நஞ்சுக்கொடி தானாக வந்தது, யாரும் இழுக்கவில்லை. அவள் அலசி, விரித்து, பாத்தி பாத்தியாகப் பொருத்திப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. படிவத்தை எடுத்த எக்ஸ்பிரஸ், ‘முழுமை’ என்ற கட்டம் வரைக்கும் வந்து நிறுத்திவிட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் டிக் போட்டாள். கண்ணில் நீர் முட்டி, அது கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் விழுந்துவிட்டது.

ஒன்பதாவது மெமோ மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தது. துணி அறைப் பணியாளர் அனுமதியின்றிப் பிரசவ அறைக்குள் நுழைந்தது ஏன்? அவள் பதில் எழுதினாள்: ‘துணி வேலையாகத்தான் போனேன். என் கோட்டைத் தைத்தவருக்குப் பிரசவம்.’ கணவர் அதைப் படித்துவிட்டு, துளை போட்டு, நாடாவை அவிழ்த்து, கோப்பில் கோத்தார்.